முன்னால் மேகம்: எப்போது திரும்புவது, எப்படித் திரும்புவது?

ஹூட் (கருவிகள் மட்டும் தெரியும்படி கண்ணை மறைக்கும் மறைப்பு) மாட்டிக்கொண்டு, வெளியே எதுவும் தெரியாமல் முதல் முறை பறக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "சார், நேராத்தான் போறேன்." அந்த நேரத்தில் விமானம் இடது பக்கம் 20 டிகிரி சாய்ந்திருக்கும், உயரமும் குறைந்துகொண்டிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பு அவரிடம் அப்படித்தான் சொல்கிறது.

கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்காக, அதாவது விஎஃப்ஆர் விதிப்படி பறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்கள், பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) வாங்கியவர்கள், சிபிஎல்லுக்கான (வணிக விமானி உரிமம்) 200 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) இல்லாத எல்லோருக்கும் இது பொருந்தும். கணக்குகள் செஸ்னா 152, 172 போன்ற சிறிய விமானங்களின் வேகத்தை வைத்துப் போட்டவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டுத் தனியாகப் போய் முயற்சி செய்ய வேண்டாம். பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டத் தெரியாமல் தடுமாறுபவர்கள் குறைவு, வரிசை தப்பித் தடுமாறுபவர்கள்தான் அதிகம். தரையில் எடுக்க வேண்டிய முடிவை வானத்தில் எடுக்கப் பார்க்கிறார்கள். மேகத்துக்குள் போனதும் முதலில் ரேடியோவில் பேசுகிறார்கள், பிறகு திருப்புகிறார்கள், கடைசியாகக் கருவியைப் பார்க்கிறார்கள். இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: முழங்காலில் கட்டும் பலகை, பென்சில், நொடிமுள் தெரியும் கடிகாரம், வழியில் உள்ள உயரமான இடங்களைக் குறித்த சார்ட், கடைசி மூன்று வானிலை அறிக்கைகள். கூடவே, பயிற்சியாளருடன் ஹூட் போட்டுப் பறந்த அண்மை அனுபவம். ஒரு வருடம் முன்பு செய்தது கணக்கில் வராது.

1. உங்கள் எண்களை முதல் நாள் இரவே எழுதுங்கள்

10,000 அடிக்குக் கீழே பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலே கீழே 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. கன்ட்ரோல் ஜோனில், அதாவது விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில், மேகக்கூரை (வானத்தை மூடும் மேகத்தின் அடிமட்டம்) 1,500 அடிக்குக் கீழே இருந்தால், டவரின் சிறப்பு அனுமதி இல்லாமல் விஎஃப்ஆரில் கிளம்பக்கூடாது. இவை சட்டத்தின் கடைசி எல்லை. 60 மணி நேரம் பறந்த ஒருவருக்கு இது போதாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 100 நாட் வேகம் என்றால் மணிக்கு 185 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் இருந்தால் உங்களுக்கு முன்னால் சுமார் ஒன்றரை நிமிடம் இருக்கிறது. அது 1.5 கிலோமீட்டராகச் சுருங்கினால் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், முடிவெடுக்க வேண்டும், திருப்ப வேண்டும். இதில் நம்புவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

100 மணி நேரம் ஆகும்வரை வெளியூர்ப் பயணத்துக்கு 8 கிலோமீட்டர் பார்வையும், தரையிலிருந்து 3,000 அடி மேகக்கூரையும் வேண்டும் என்று என் மாணவர்களிடம் எழுதி வாங்குகிறேன். உங்கள் எண் வேறாக இருக்கலாம். ஆனால் எழுதியாக வேண்டும், கிளம்பும் காலையில் அதைத் திருத்தக்கூடாது. விமானம் தயாராக நிற்கும்போது 8 கிலோமீட்டரை 6 ஆக்குவதற்கு எல்லோருக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். எண்ணைத் தளர்த்த வேண்டுமென்றால், பறக்காத ஒரு நாளில் பயிற்சியாளருடன் உட்கார்ந்து தளர்த்துங்கள்.

2. வானிலை அறிக்கையை இந்த வரிசையில் படியுங்கள்

மெட்டாரை, அதாவது விமான நிலையத்தின் வானிலை அறிக்கையை, எடுத்ததும் பார்வைத் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பது முதல் தவறு. அந்த எண் அளந்த நிமிடத்துக்குத்தான் சரி. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

முதலில் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 1 அல்லது 2 டிகிரிதான் என்றால், பார்வை இப்போது 6 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் காத்திருங்கள். சூரியன் வந்தால் பனி விலகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் விடிந்தவுடன் தரையோரக் காற்று லேசாகக் கலங்கும்போதுதான் மூடுபனி பல நாட்களில் இன்னும் அடர்த்தியாகிறது. 6 மணிக்குத் தெரிந்த ஓடுபாதை 7 மணிக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

பகலில் இதே இடைவெளியை வைத்துத் திரள்மேகத்தின் அடிமட்டத்தை மதிப்பிடலாம். ஒரு டிகிரிக்கு 400 அடி. வெப்பநிலை 28, பனிநிலை 23 என்றால் ஏறக்குறைய 2,000 அடி. அறிக்கை சொல்வதற்கும் இந்தக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து கடைசி மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 8, 7, 6 என்று இறங்குகிறதா, 4, 5, 6 என்று ஏறுகிறதா? இரண்டிலும் கடைசி எண் 6தான், ஆனால் இரண்டும் வேறு வேறு நாட்கள். அதற்குப் பிறகு முன்னறிவிப்பு. போகும் ஊருக்கு மட்டுமல்ல, வழியில் இறங்கக்கூடிய ஊர்களுக்கும் பாருங்கள்.

மலைப்பக்கம் போகிறவர்கள் செய்யும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்டாரில் மேகத்தின் உயரம் அந்த விமான நிலையத்தின் தரையிலிருந்து அளந்தது. கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடியில் இருக்கிறது. அங்கே மேகம் 3,000 அடி என்றால் கடல்மட்டத்திலிருந்து 4,300 அடி. குன்னூர் சுமார் 6,000 அடியில் இருக்கிறது. கோவையில் "நல்ல வானிலை" என்று படித்த அதே நேரத்தில் குன்னூர் மேகத்துக்கு உள்ளே இருக்கலாம்.

புகையையும் விடாதீர்கள். சென்னையில் போகிப் பண்டிகை காலையில் பனியும் புகையும் சேர்ந்து பெரிய விமானங்களையே தாமதப்படுத்தியதுண்டு. கருவியால் தரையிறங்கும் வசதி உள்ள விமானங்களுக்கே அந்த நிலை.

3. திரும்பும் இடத்தைச் சார்ட்டில் கோடாகப் போடுங்கள்

"மோசமானால் திரும்பிவிடுவேன்" என்பது திட்டம் இல்லை. மோசம் ஒரே நொடியில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, நாமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறோம். பாதி தூரம் தாண்டிய பிறகு, திரும்புவதைவிடப் போய்ச் சேர்வதுதான் எளிது என்று மனம் சொல்லத் தொடங்கும்.

அதனால் வழியில் இரண்டு இடங்களில் குறுக்குக் கோடு போடுங்கள். ஓர் ஏரி, ஒரு ரயில் பாலம், ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்பு என்று மேலிருந்து சந்தேகமில்லாமல் தெரியும் இடமாக இருக்கட்டும். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் எழுதுங்கள்: இங்கே வரும்போது அடுத்த அடையாளம் தெரியவில்லை என்றால், அல்லது 2,000 அடிக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தால், திரும்புகிறேன். எந்தப் பக்கம், எந்த டிகிரியில், எந்த ஊருக்கு என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் மிக உயரமான இடத்தைவிட 1,000 அடி மேலே, மலைப்பகுதியில் 2,000 அடி மேலே, ஓர் உயரத்தைக் குறித்து வட்டமிடுங்கள். 7ஆம் படியில் இந்த எண் தேவைப்படும். அப்போது அதைத் தேட உங்களுக்கு நேரம் இருக்காது.

4. காத்திருப்பவர்களுக்குக் கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள்

இதைப் பலர் படி என்றே எண்ணுவதில்லை. பயணிகள், மறுமுனையில் காத்திருக்கும் அண்ணன், சாயங்காலத்துக்குள் விமானம் வேண்டும் என்று சொன்ன பயிற்சிப் பள்ளி: இவர்கள் யாரும் காக்பிட்டில் இல்லை, ஆனால் முடிவெடுக்கும்போது எல்லோரும் கூடவே இருப்பார்கள்.

"மதியம் 2 மணிக்குள் வரவில்லை என்றால் வேறு ஊரில் இறங்கியிருப்பேன், இல்லை திரும்பியிருப்பேன். நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பயணிகளிடமும் ஏறும்முன் சொல்லுங்கள்: "பாதியில் திரும்ப வேண்டி வரலாம்." திரும்பும்போது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்றால் கை எளிதாகத் திரும்பும்.

5. பறக்கும்போது ஒவ்வொரு பத்து நிமிடமும் அளந்து பாருங்கள்

புகைமூட்டத்தில் கண் ஏமாறும் விதம் இது: நேர் கீழே பார்த்தால் வயல், ரோடு, வீடு எல்லாம் தெளிவாகத் தெரியும். 3,000 அடி என்பது 900 மீட்டர்தானே. முன்னால் 2 கிலோமீட்டர்கூடத் தெரியாத நாளிலும் கீழே நன்றாகத் தெரியும். "தரை தெரியுதே சார்" என்று மாணவர் சொன்னால், "முன்னாடி தொடுவானம் தெரியுதா, தம்பி?" என்று கேட்பேன்.

ஊகிக்காமல் அளப்பதற்கு ஒரு வழி உண்டு. மூட்டத்திலிருந்து ஓர் ஏரியோ கோபுரமோ முதன்முதலாக வெளிப்படும் நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள். அது உங்கள் இறக்கைக்குக் கீழே வரும்போது மறுபடி பாருங்கள். தரைவேகம் 100 நாட் என்றால் ஒரு நிமிடம் என்பது 3 கிலோமீட்டர். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டால் பார்வைத் தூரம் 3 கிலோமீட்டர்தான், மெட்டார் எதைச் சொல்லியிருந்தாலும் சரி. எண்ணைப் பலகையில் எழுதுங்கள். மூன்று எண்கள் இறங்குமுகமாக இருந்தால் கோடு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

உயரத்தையும் கவனியுங்கள். மேகத்துக்காக 200 அடி இறங்கினீர்கள், பிறகு இன்னொரு 200. இரண்டாவது முறை இறங்கும்போதே முடிவு உங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஈரக்காற்றில் கார்புரேட்டரில் பனி உறையும் என்பதையும் மறக்கக்கூடாது. 20 டிகிரி வெப்பத்திலும் அது நடக்கும். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மெல்லக் குறைந்தால், கார்புரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை முழுவதும் இழுங்கள்.

டேப்லெட்டில் வரைபடம் அழகாக ஓடுகிறது என்பதற்காகத் தொடராதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாது.

6. தெளிவான காற்று இருக்கும்போதே திரும்புங்கள்

திரும்புவதற்கு இடம் வேண்டும். 100 நாட் வேகத்தில் 15 டிகிரி சாய்வில் முழுதாகத் திரும்ப 2 கிலோமீட்டர் அகலம் தேவை. 30 டிகிரி சாய்வில் சுமார் 930 மீட்டர். வேகத்தை 70 நாட்டாகக் குறைத்து அதே 30 டிகிரி சாய்த்தால் 460 மீட்டர் போதும். அதனால் வரிசை: முதலில் வேகத்தைக் குறையுங்கள், கையேடு அனுமதித்தால் ஒரு படி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி) வையுங்கள், பிறகு திரும்புங்கள். 30 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) சுமார் 7 சதவீதம் கூடும் என்பது நினைவில் இருக்கட்டும்.

பள்ளத்தாக்கில் நடுவில் பறக்காதீர்கள். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். நடுவில் போனால் பாதிதான் கிடைக்கும். புதியவர்கள் மலையைக் கண்டு பயந்து நடுவில் போகிறார்கள், அந்தப் பயமே இடத்தைப் பாதியாக்கிவிடுகிறது.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படையின் மி-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலையில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தையும் அவர் மனைவியையும் சேர்த்து 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்கு இட உணர்வு தடுமாறியது என்று விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்னது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை என்றும் சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட விமானிகள், நல்ல ஹெலிகாப்டர். அந்த மலையில் மேகம் எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பது அங்கே தேயிலை பறிக்கும் எல்லோருக்கும் தெரியும். நீலகிரிப் பக்கம் போகிற யாரும் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே முடிவெடுக்க வேண்டும், உள்ளே போன பிறகு அல்ல.

7. மேகத்துக்குள் போய்விட்டால்

இதைப் படிக்கும் முன் உட்காதைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். அங்கே மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை சுழலும்போது திரவம் பின்தங்குகிறது, அந்த வித்தியாசத்தைத்தான் சுழற்சி என்று உணர்கிறோம். நொடிக்கு 2 டிகிரிக்கும் குறைவாக மெல்ல ஆரம்பித்தால் உணரவே மாட்டோம். ஒரே சீராகச் சுழன்றுகொண்டே இருந்தால் 20 நொடி அளவில் திரவமும் கூடவே சுழல ஆரம்பிக்கும், நேராகப் போவதுபோலத் தோன்றும்.

அலுவலகச் சுழல் நாற்காலியில் மாணவரை உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, சுற்றும் பக்கம் கட்டைவிரலைக் காட்டச் சொல்வேன். மெல்ல வலப்பக்கம் சுற்றுவேன். விரல் வலப்பக்கம் காட்டும். கொஞ்ச நேரத்தில் விரல் நேராக நிமிர்ந்துவிடும், நாற்காலி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்தியதும் விரல் இடப்பக்கம் சாயும். "இப்ப இடது பக்கம் சுத்துறீங்க சார்" என்பார். கட்டை அவிழ்த்தால் நாற்காலி அசையாமல் நிற்கும். மேகத்துக்குள் இதுதான் நடக்கிறது. சாய்வைச் சரிசெய்து நேராக்கியதும், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாக உடம்பு கத்தும். மறுபடி பழைய சாய்வுக்கே திருப்புவீர்கள், மூக்கு கீழே போகும், சுற்றிச் சுற்றி இறங்கும் சுழல் இறுகும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி பறக்கவைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடிகளில். அதே ஆட்களுக்கு ஒரு குறிப்பிட்ட திரும்பும் முறையைக் கற்றுக்கொடுத்த பிறகு 60 முயற்சிகளில் 59இல் மீண்டு வந்தார்கள். நான் கற்றுக்கொடுப்பதில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வரிசை இதுதான்.

முதலில் கண். வெளியே பார்ப்பதை முழுவதும் நிறுத்துங்கள். செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமமாக்குங்கள். பாதி வெளியே, பாதி உள்ளே என்று தலையை ஆட்டினால் உட்காது இன்னும் குழம்பும். ஆட்டோபைலட் இருந்தால் இப்போதே போடுங்கள்.

அடுத்து கை. யோக்கை, அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடியை, இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். விரல்நுனியால் பிடியுங்கள். விமானம் ட்ரிம் செய்யப்பட்டிருந்தால் (கையை எடுத்தாலும் நிலை மாறாதபடி சரிசெய்திருந்தால்) தன்னாலேயே நேராகப் பறக்கும், தொந்தரவு செய்வது நம் கைதான். பவரையும் ட்ரிம்மையும் தொடாதீர்கள். பத்து நொடி இப்படியே பறங்கள். வெறுமனே காத்திருப்பதுபோல இருக்கும், ஆனால் இந்தப் பத்து நொடிதான் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்குகிறது.

மூன்றாவது, மலை. சார்ட்டில் வட்டமிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கிறீர்கள், பக்கத்தில் மேடு உண்டு என்றால், திரும்பும் முன் ஏறுங்கள். இறக்கைகள் சமமாக, முழுப் பவர், ஏறும் வேகம். சமவெளி என்றால் இந்தப் படி வேண்டாம். தரையைத் தேடி இறங்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

நான்காவது, எண். இப்போதைய ஹெட்டிங்கோடு (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை, டிகிரியில்) 200 கூட்டி 20 கழியுங்கள். 070 என்றால் 270, பிறகு 250. 180க்கு மேலே இருந்தால் 200 கழித்து 20 கூட்டுங்கள். 300 என்றால் 100, பிறகு 120. தலையைக் குனிந்து சார்ட்டில் தேடாதீர்கள். சாய்ந்திருக்கும்போது தலையைச் சட்டென்று அசைத்தால் விமானம் புரள்வதுபோல இருக்கும்.

ஐந்தாவது, திருப்பம். 15 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். நொடிக்கு 3 டிகிரி வேகத்தில் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம் ஆகும். அவசரத்தில் 40, 45 டிகிரி சாய்ப்பதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்தச் சாய்வில் மூக்கு தானாகக் கீழே விழும். தேவையான எண்ணுக்கு 7, 8 டிகிரி முன்பே இறக்கைகளைச் சமமாக்கத் தொடங்குங்கள். அப்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாய்வதாகச் சொல்லும். நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகமுள் ஏறுகிறது, உயரம் வேகமாகக் குறைகிறது என்றால் சுழலில் இருக்கிறீர்கள். பவரைக் குறையுங்கள், இறக்கைகளைச் சமமாக்குங்கள், அதற்குப் பிறகே மெல்ல இழுங்கள். சாய்ந்தபடியே இழுத்தால் சுழல் இறுகும், இறக்கை தாங்காமலும் போகலாம்.

2020 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் கலாபாசாஸில், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக விமானி கட்டுப்பாட்டறைக்குச் சொன்னார். ஹெலிகாப்டர் அப்போது இடப்பக்கம் திரும்பியபடி இறங்கிக்கொண்டிருந்தது. 9 பேர் இறந்தார்கள். 8,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். உட்காதுக்கு மணிக்கணக்கு தெரியாது.

8. நேரான பிறகு பேசுங்கள்

ரேடியோ கடைசியில்தான். இறக்கைகள் சமமாக, ஹெட்டிங் பிடித்து, உயரம் நின்ற பிறகு பேசுங்கள். நீங்கள் இருக்கும் அலைவரிசையிலேயே பேசலாம். பதில் இல்லை என்றால் அவசர அலைவரிசை 121.5, ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700.

மூன்று செய்தி போதும்: மேகத்துக்குள் இருக்கிறேன், எனக்கு இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் இல்லை, இந்த ஹெட்டிங்கில் இந்த உயரத்தில் இருக்கிறேன். ரேட்டிங் இல்லை என்பதைச் சொல்லத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள். அதைச் சொன்னால்தான் கன்ட்ரோலர் உங்களுக்கு அடுத்தடுத்துத் திருப்பங்கள் கொடுக்காமல், ஒரு நேரத்தில் ஒரு வேலையாகச் சொல்வார். விளக்கம் கேட்டால் "ஸ்டாண்ட்பை" சொல்லிவிட்டு விமானத்தைப் பாருங்கள்.

வெளியே வந்ததும் உடனே கண்ணை வெளியே தூக்காதீர்கள். மேகத் துண்டுகளுக்கு இடையே தரை ஒரு நொடி தெரியும், மறையும். முழுத் தொடுவானம் தெரிந்து, அரை நிமிடம் நிலைத்த பிறகே வெளியே பார்த்துப் பறக்க ஆரம்பியுங்கள். அருகில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்குங்கள். வேறு வழியில் சுற்றிப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். அன்றைக்கு வேண்டாம்.

9. மாதம் ஒரு முறை ஹூட்

பயிற்சியாளருடன் 3,000 அடிக்கு மேலே, ஹூட் போட்டு, மேலே சொன்ன வரிசையை முழுதாகச் செய்யுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் "மேகம்!" என்று அவர் சொல்லட்டும். கண், கை, மலை, எண், திருப்பம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான்கு முறை போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஐந்தாவது முறை, கண்ணை மூடிக்கொண்டு நீங்களே நேராகப் பறக்க முயலுங்கள். விமானம் நேராக இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றும்போது கையைத் தூக்குங்கள். பயிற்சியாளர் யோக்கை வாங்கிக்கொள்வார். அப்போது கண்ணைத் திறந்து கருவியில் தெரியும் சாய்வைப் பாருங்கள், தேதியோடு பலகையில் எழுதிக்கொள்ளுங்கள்.